கஞ்சி கொடுப்பதா, காற்று கொடுப்பதா?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "காலையில கஞ்சி குடிச்சிட்டுத்தான் கடல்ல இறங்குறேன். வயித்துல சோறு இருக்கையிலயே, மூச்சு தீர்ந்தா தெம்பும் சேர்ந்து போயிருதே, ஏன் தம்பி?" விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிறவர். கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

கஞ்சியின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தம் வழியே செல்லுக்குள் போகிறது. ஆக்சிஜன் இல்லாமலே அது இரண்டாக உடையும். ஆனால் மிஞ்சுவது, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி (ATP) 2 மட்டுமே. மீதி, செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் கார்பன் டை ஆக்சைடாகக் கழிகிறது. பள்ளியில் படித்ததுதான். இதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம்.

உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுப் புரதங்களில் கைமாறிக் கைமாறிப் போகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. வெளியே நெரிசல். உள்ளே திரும்ப முக்கிய வாசல், ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான்கள் நுழைய நுழைய அது காற்றாலை போலச் சுழல்கிறது. நடுத்தண்டு திரும்பும்போது அதைச் சுற்றியுள்ள மூன்று அறைகளும் முறைவைத்து வடிவம் மாறுகின்றன: ஒன்று, ஏடிபியைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த மூலக்கூறையும் (ADP) தனிப் பாஸ்பேட்டையும் வாங்கும், ஒன்று அவற்றை இறுக்கிச் சேர்க்கும், ஒன்று செய்து முடித்த ஏடிபியை வெளியே விடும். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் தண்டில் ஒளிரும் இழையை ஒட்டி, ஏடிபியைக் கொடுத்து எதிர்த்திசையில் ஓடவிட்டு, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

ஏடிபி உருவாகப் புரோட்டான் நெரிசல்தான் காரணம் என்று பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பழைய மாளிகை ஒன்றில் சொந்தமாக ஆய்வகம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1978-ல் நோபல் பரிசு வந்தது. "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

சரி, மூச்சு எதற்கு? கைமாறி வந்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொண்டு தண்ணீராவது ஆக்சிஜன்தான். வாங்க ஆளில்லையென்றால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும், புரோட்டான் தள்ளுவது நிற்கும், சுழற்சியும் நிற்கும். வயிற்றில் கஞ்சி இருந்தும் பயனில்லை. முங்கியிருக்கும்போது நுரையீரலிலும் ரத்தத்திலும் தசையிலும் உள்ள ஆக்சிஜன் இருப்பை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. அதனால் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோய், மூச்சு முட்டுவது தெரியாமலே தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடக்கூடும்.