மெஸ்ஸலினா: வெற்றிப் பட்டம் வசைச்சொல்லான கதை

பிரெஞ்சிலும் வேறு சில ஐரோப்பிய மொழிகளிலும் 'மெஸ்ஸலினா' ஒரு பொதுப்பெயர். காமமும் சூழ்ச்சியும் மிகுந்த பெண் என்று பொருள். நாம் ஒருவரைச் 'சரியான சகுனி', 'கூனி' என்கிறோமே, அதே உவமையாகுபெயர்தான். ஆனால் சகுனியும் கூனியும் காப்பியப் பாத்திரங்கள். வலேரியா மெஸ்ஸலினா உண்மையில் வாழ்ந்தவர்: ரோமப் பேரரசர் கிளாடியஸின் மூன்றாம் மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய், கி.பி. 48இல் கொல்லப்பட்டவர்.

சொல்லின் வேர் சிசிலித் தீவில் இருக்கிறது. ரோமும் கார்த்தேஜும் மோதிய முதல் பியூனிக் போரில் மெஸ்ஸானா நகரை மீட்டதற்காக, கி.மு. 263இல் கான்சலாக (ரோமின் தலைமை ஆட்சியாளராக) இருந்த மானியஸ் வலேரியஸ் 'மெஸ்ஸல்லா' என்ற பெயர் பெற்றார். நம் கடாரங்கொண்டான் போன்ற வெற்றிப்பெயர். அது வழிவழியாகக் குடும்பப் பெயராக நின்றது. மெஸ்ஸல்லா வீட்டுப் பெண் மெஸ்ஸலினா. அவ்வளவுதான், சொல்லுக்குள் காமமும் இல்லை, களங்கமும் இல்லை.

அது பிறகு ஏறியது. கிளாடியஸ் ஆஸ்டியா துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, கையஸ் சிலியஸ் என்ற உயர்குடி இளைஞரை மெஸ்ஸலினா ஊரறிய மணந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. இதைக் கட்டுக்கதை என்றுதான் நினைப்பார்கள் என்று, இதை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே ஒப்புக்கொள்கிறார். அரண்மனைச் செயலர் நார்சிஸஸின் உத்தரவுப்படி, லுகுல்லஸ் தோட்டத்தில் மெஸ்ஸலினாவை வாளால் குத்திக் கொன்றார்கள். அந்தத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, அதன் உரிமையாளர் வலேரியஸ் ஆசியாட்டிகஸை அவர் முந்தைய ஆண்டு சாவுக்குத் தள்ளியதாகவும் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆக, சூழ்ச்சி என்ற பாதியை நான் மறுக்க மாட்டேன்.

காமம் என்ற மறுபாதியைத்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் இறந்ததும் பெயரையும் சிலைகளையும் எல்லா இடங்களிலிருந்தும் அகற்றச் செனட் ஆணையிட்டது. அப்புறம் அவருக்காகப் பேச யார் இருந்தார்கள்? ஒரு பகலும் இரவுமாக 25 முறை கூடிப் போட்டியில் வென்றார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதினார். மெஸ்ஸலினா இறந்து 60 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கவிஞர் ஜூவெனல் தன் ஆறாம் அங்கதப்பாட்டில், அரசி பொன்னிறப் பொய்முடி அணிந்து 'லிசிஸ்கா' என்ற பெயரில் பரத்தையர் விடுதிக்குப் போனதாகப் பாடினார். லிசிஸ்கா என்பது ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் பெண் ஓநாய் என்றாலே பரத்தை என்று ஒரு பொருள் உண்டு. இப்படி அச்சாகப் பொருந்தும் பெயர் கவிஞரின் கைவேலை என்றே எனக்குப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வேசி' பொருந்தாது. அது தொழிலைச் சொல்கிறது, அதிகாரத்தைச் சொல்லவில்லை. 'அடங்காப்பிடாரி' குணத்தைத் திட்டுவது, இங்கே இடமில்லை. பொதுப்பெயராக வரும் இடத்தில் 'காமுகி' ஓரளவு ஒக்கும். சூழ்ச்சியும் சேர வேண்டுமானால் 'காமச் சூழ்ச்சிக்காரி' என்று விரித்துக்கொள்ளலாம்.

ஜூவெனல் அவரை 'மெரெட்ரிக்ஸ் அகஸ்டா' என்கிறார். இதை 'அரச விலைமகள்' என்று பெயர்த்தால் அடி லேசாக விழும். அகஸ்டா என்பது பேரரசர் குடும்பப் பெண்களுக்கான பட்டம். மகன் பிரிட்டானிகஸ் பிறந்தபோது செனட் அதை மெஸ்ஸலினாவுக்கு வழங்க முன்வந்தது, கிளாடியஸ் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். உயிரோடிருந்தபோது கணவர் மறுத்த பட்டத்தை, செத்த பின் கவிஞர் வசையோடு சேர்த்துக் கொடுக்கிறார். பட்டத்தரசி என்ற நம் சொல் காதில் ஒலிக்கும்படி, 'பட்டத்துப் பரத்தை' என்றால் அந்தக் குரூரம் தமிழிலும் வந்துவிடும். அதை ஜூவெனலின் வாயில் மட்டும் வையுங்கள். வரலாறு எழுதும்போது 'வலேரியா மெஸ்ஸலினா' போதும், அடைமொழி வேண்டாம்.