சாத்திய சன்னலுக்குள் சுற்றும் மூச்சு

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், கதவுப் பிடிகளைத் துடைப்பதும் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவதும் உடனே நினைவுக்கு வருகின்றன. நோயாளியின் மேல் குளிர்காற்று படக்கூடாது என்று சன்னலைச் சாத்துவதும் அதே அக்கறையில்தான் நடக்கிறது. துடைத்த இடம் பளபளக்கிறது. கழுவிய கை மணக்கிறது. காற்றை மாற்றியதற்கோ கண்ணுக்குத் தெரியும் சான்று எதுவும் இல்லை. காற்றோட்டத்தைப் புழுக்கமும் புகையும் போக்கும் வசதியாக மட்டுமே பலரும் கருதுவதற்கு இதுவே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிப்படும் துளிகளில் பெரியவை சில நொடிகளில் தரையில் விழுந்துவிடுகின்றன. சில மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ளவை ஈரம் உலர்ந்து மேலும் சுருங்கி, புகையைப் போல அறையெங்கும் பரவி, மணிக்கணக்கில் மிதக்கின்றன. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி ஆகிய ஆய்வாளர்களின் குழு, காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தியது. நோயாளிகளை ஒருமுறைகூட நெருங்காத அந்த விலங்குகளுக்குத் தொற்று ஏற்பட்டது. தட்டம்மையும் கோவிடும் காற்று வழியே பரவக்கூடியவையே.

அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒருமுறை நுழைந்தால் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் புதியது பழையதோடு கலந்தபடியே வெளியேறுவதால், ஏறத்தாழ 63 விழுக்காடுதான் நீங்கும். 95 விழுக்காடு நீங்க மும்மடங்கு காற்று தேவை. நோயாளி உள்ளேயே இருந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால், சன்னலைச் சற்றுநேரம் திறந்து மூடினால் பயன் நிலைக்காது. மின்விசிறியும் வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் ஏசியும் இருக்கும் காற்றையே சுழற்றுகின்றன. குளிர்ந்த காற்றைப் புதிய காற்றென்று நம்புவது மிகப் பரவலான மயக்கம்.

காற்று மாறியதா என்று அறிய மூக்கும் உதவாது, அறைக்குள்ளேயே இருப்பவருக்கு அதன் வாடை விரைவில் பழகிவிடும். கார்பன் டைஆக்சைடு அளவிடும் சிறு கருவி இங்கே நம்பகமானது. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு உள்ள அவ்வாயு, விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு உள்ளது. பலர் கூடியிருக்கும் அறையில் கருவி 1,200 காட்டினால், உள்ளிழுக்கும் காற்றில் ஐம்பதில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு.

நோயாளிக்கு முகத்தெதிரே அமர்ந்திருப்பவரைச் சன்னல் பெரிதாகக் காப்பாற்றாது. அங்கே முகக்கவசமும் வேண்டும். கொசு, இரைச்சல், திருட்டு அச்சம் ஆகியவை சன்னலைச் சாத்தச் சொல்லும் நியாயமான காரணங்களே. குளிரைப் பொறுத்தவரை மட்டும் இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது: உள்ளும் புறமும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு விரைவாகக் காற்று இடம் மாறுவதால், கடுங்குளிரில் சன்னலை விரியத் திறக்க வேண்டியதில்லை, சிறு இடுக்கே கணிசமான காற்றை உள்ளே விடும்.