ஆடிஷன்: காதில் பிறந்து காலுக்கு வந்த சொல்

தமிழில் எழுதியவுடன் மயக்கம் தரும் சொல் ஆடிஷன். முதல் இரண்டு எழுத்து 'ஆடி'. ஆடிக் காட்டி வாய்ப்புக் கேட்பதால்தான் இந்தப் பெயர் என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொற்பிறப்பு எழுதி அனுப்பினால் நூறு பேராவது நம்பிவிடுவார்கள். ஆனால் ஆட்டத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. லத்தீனில் 'அவுதீரே' என்றால் கேட்டல். அதன் வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல், முதலில் செவிப்புலனைத்தான் குறித்தது. பாடகரையோ நடிகரையோ வரவழைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு அது பெயரானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இதே வேரில் கிளைத்தவை ஆடிட்டோரியமும் ஆடிட்டரும். அந்நாளில் கணக்கை உரக்க வாசிப்பார்கள், ஒருவர் உட்கார்ந்து கேட்பார், கேட்டவர் ஆடிட்டர். அந்த வகையில் நம் ஊர்த் தணிக்கையாளரும் நியூயார்க்கில் ஆட்ட வாய்ப்புக்காக வரிசையில் நிற்கும் பெண்ணும் ஒன்றுவிட்ட உறவினர்கள்.

அந்தப் பெண் ஜாஸ் என்னும் அமெரிக்க நடனத்தை ஆடுபவர் என்றால் இந்தச் சொல் அவருக்கு அன்றாடச் சோறு. பெரிய பாலே குழுக்களில் நடனமணிகள் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். நடன ஆசிரியர் கஸ் ஜியோர்டானோ சிகாகோ பக்கம் நிறுவியதைப் போன்ற நிலையான ஜாஸ் குழுக்கள் மிகச் சில. மற்றவர்களுக்குப் பிழைப்பு நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகம், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு, சொகுசுக் கப்பல் மேடை, விளம்பரப் படம் என்று சிதறிக் கிடக்கிறது. நாடகம் நின்றால் வேலையும் நின்றது. மறுநாள் காலை மீண்டும் வரிசை. ஆடுவது தொழில் என்று நாம் நினைக்கிறோம். ஆட இடம் தேடுவதுதான் அங்கே தொழிலின் பெரும்பகுதி.

அந்த வரிசையில் நடப்பது இதுதான். பதிவு செய்துகொண்டு, எண் எழுதிய தாளை உடையில் குத்திக்கொள்ள வேண்டும். 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள முகப்படத்தையும், அதன் பின்பக்கம் இணைத்த அனுபவக் குறிப்பையும் கொடுக்க வேண்டும். நடன இயக்குநரோ உதவியாளரோ ஓர் அடவுக் கோவையைச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுப்பார். பிறகு சிலர் சிலராக ஆடவேண்டும். முன்வரிசையில் நிற்பவரை இயக்குநர் பார்ப்பார், பின்வரிசைக்காரர் மறைந்துபோவார் என்பதால் பாதியில் வரிசைகளை மாற்றுவதும் உண்டு. எண்ணை அழைத்தால் இருக்கலாம். அழைக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கழிப்புக்கு 'கட்' என்று பெயர். தப்பியவரை இன்னொரு நாள் கூப்பிட்டால் அது 'கால்பேக்'. சில இடங்களில் ஓர் அடிகூட ஆடவிடாமல், உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்தே அனுப்பிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொது அழைப்புக்கு அங்கே மாட்டுமந்தை அழைப்பு என்று கேலிப் பெயர் இருப்பதில் வியப்பில்லை.

இத்தனை கழிப்பையும் தாண்டியவரை இசை நாடகத் தேர்வில் பாடச் சொல்வார்கள். பெரும்பாலும் 16 தாளக்கட்டு அளவு. காலையெல்லாம் காலைப் பார்த்தவர்கள் கடைசியில் குரலையும் கேட்கிறார்கள். லத்தீன் வேர் அப்போதுதான் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இந்த அலைச்சல் இல்லாமல் சில ஆண்டுகள் சிலருக்காவது கழிந்தன. அமெரிக்க மேடை ஜாஸ் நடனத்தின் தந்தை எனப்படும் ஜாக் கோல் (1911–1974), 1940களில் ஹாலிவுட்டின் கொலம்பியா படநிறுவனத்தில் ஒரு நடனக் குழுவைச் சம்பளத்தில் வைத்து, நாள்தோறும் பயிற்சி கொடுத்தார். அவர் பரதநாட்டியம் பயின்றவர். அதன் அசைவுகளை ஸ்விங் என்ற ஜாஸ் இசைவகையோடு சேர்த்து ஆடியவர். ஜாஸ் நடனத்தின் வேர் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆட்டத்தில் இருக்கிறது. ஆனால் கோல் வழியாக மேடைக்கு வந்த ஜாஸில், தாழ்ந்து மடங்கிய முழங்காலையும் தனித்தியங்கும் தலையையும் கையையும் பார்க்கும்போது நமக்குத் தெரிந்த முகம் ஒன்று எட்டிப் பார்க்கும்.

இனி, தமிழில் என்ன சொல்வது? வானொலி அறிவிப்பாளருக்குக் 'குரல் தேர்வு' என்கிறோம். கேட்டுத் தேர்வதால் அங்கே பொருந்துகிறது, ஆடுபவருக்கு ஆகாது. 'ஒத்திகை' என்று சிலர் எழுதுவது பிழை. அது வேலை கிடைத்த பிறகு வருவது. 'அரங்கேற்றம்' கிட்டத்தில் வருவதுபோல் இருக்கும். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மேடையேறியதை இளங்கோ 'மன்னற்குக் காட்டல் வேண்டி' என்கிறார். லத்தீன்காரர் கேட்டல் என்ற இடத்தில் நம்மவர் காட்டல் என்றிருக்கிறார். ஆடலுக்கு அதுவே சரி. ஆனால் மாதவி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஒருமுறை ஏறினாள், முடிந்தது. வாரத்துக்கு மூன்று முறை ஏறி மூன்று முறையும் திரும்பி வருவதை அரங்கேற்றம் என்றால் அரங்குக்கே பொறுக்காது.

'நடனத் தேர்வு' புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு குறை. தேர்வு என்றதும் மதிப்பெண் நினைவுக்கு வருகிறது. எழுதியவர் எல்லோருமே தேறலாம். இங்கே பிழையே இல்லாமல் ஆடியவரும் இரண்டு அங்குல உயரக் குறைவால் வீட்டுக்குப் போகிறார். எனவே என் கை 'ஆடல் தெரிவு' பக்கம் உயர்கிறது. தெரிதல் என்றால் தேர்ந்தெடுத்தல். வள்ளுவர் ஆளைத் தேர்ந்து வேலை கொடுப்பதைத் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமாகவே வைத்தார். தெரிதல் என்றால் கண்ணுக்குப் புலப்படுதலும்தான். பின்வரிசையில் நிற்பவருக்கு முதல் கவலை தெரிகிறோமா என்பது. இரண்டாவது கவலை தெரியப்படுவோமா என்பது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. கால்பேக்குக்கு 'மறு அழைப்பு', 'கட்' என்பதற்குக் 'கழிப்பு' போதும்.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும்: "செவ்வாய்க்கிழமை இரண்டு ஆடல் தெரிவுக்குப் போனேன். ஒன்றில் முதல் கழிப்பிலேயே வெளியே. இன்னொன்றில் வெள்ளிக்கிழமை மறு அழைப்பு. பாட்டுத் தாளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்."