குத்தியது கறுப்பு, தெரிவது ஏன் பச்சை?

காலில் சர்க்கரைப் புண்ணோடு என் யாங்கோன் கிளினிக்குக்கு வந்திருந்தார் ஒரு பாட்டி. பெகு பக்கத்து வயற்காட்டில் வளர்ந்தவர். முன்கையில் புள்ளிக்கோலம் ஒன்று, ஓரங்கள் கலைந்து, பாசி நிறத்தில். "விளக்குக் கரியத்தான் குழைச்சுக் குத்துனாங்க டாக்டரம்மா. இது எப்பிடிப் பச்சையாச்சு?" என்றார். டாட்டூ போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.

கரி இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது, பாட்டி. ஆனால் அது தோலின் மேலே இல்லை. மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அடியில் பிறக்கும் செல்கள் மேலேறி ஒரு மாதம்போலில் உதிர்ந்துவிடும். மருதாணி அந்த மேல் செல்களில் மட்டும் ஏறுவதால்தான் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. பச்சை குத்தும் ஊசி அதைத் தாண்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உள்தோலில் மையை இறக்குகிறது. அந்த ஆழத்திலிருந்து சிதறித் திரும்பும் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். தோலின் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகிறது.

இறங்கிய மை அங்கே சும்மா கிடப்பதில்லை. கிருமி நுழைந்துவிட்டது என்று உடலின் காவல் செல்களான விழுங்கணுக்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வயிற்றிலேயே வைத்துக்கொள்கின்றன. அவை செத்தால் கொட்டும் மையைப் பக்கத்தில் இருப்பவை எடுத்துக்கொள்கின்றன. 2018இல் பிரான்சின் மர்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். பாட்டியின் கோலமும் அப்படித்தான் கைமாறிக் கைமாறி நிற்கிறது என்று நினைக்கிறேன். துகளில் ஒரு பங்கு அக்குள், தொடையிடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் (நெறிகள்) போய்ச் சேரும். லேசரால் அழிக்கும்போதும் மை மாயமாவதில்லை. பொடிப்பொடியாகி, பெரும்பகுதி அதே வழியில் போகிறது. ஊசி இன்னும் ஆழமாகப் போய்க் கொழுப்பில் இறங்கினால் கோடு நீலமாகக் கசிந்துவிடும். அதைச் சரிசெய்வது கடினம்.

இதையெல்லாம் எழுதக் காரணம், போன வருடம் வந்த ஒரு தம்பி. தோளில் சிங்கமுகம். குத்தி மூன்று வாரம் கழித்துச் சிறு சிவப்புக் கொப்புளங்கள். கன்னத்து நிழலுக்காகச் சாம்பல் நிறம் இட்ட இடத்தில் மட்டும்தான். கறுப்புக் கோட்டில் ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறம் பெரும்பாலும் கறுப்பு மையைக் கரைத்துச் செய்வது. அந்த வித்தியாசம்தான் துப்பு. "கறுப்பு மையை எதுல கரைச்சாங்க தம்பி?" "குடிக்கிற பாட்டில் தண்ணிலதான் டாக்டர்." குடிக்க நல்ல தண்ணீர் கிருமியே இல்லாத தண்ணீர் அல்ல. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் அதில் வாழும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, உள்தோலில் குத்தினால் கூடு கட்டும். 2011 கடைசியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு இதே வகைத் தொற்று வந்தது. அங்கே பாட்டிலில் வந்த சாம்பல் மையிலேயே கோளாறு. நம் தம்பி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டான். தழும்பு மிஞ்சிவிட்டது.

பர்மிய மொழியில் ஊசி மருந்து போடுவதற்கும் பச்சை குத்துவதற்கும் 'தோ' என்ற ஒரே வினைச்சொல்தான். ஊசி என்றால் என்ன மருந்து, புது ஊசியா என்று என்னை விசாரிக்கிறீர்கள். டாட்டூ கடையிலும் விசாரியுங்கள். கரைக்கும் தண்ணீர் சீல் உடைக்காத, கிருமிநீக்கியதுதானா என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு மை. வருடங்கள் கழித்துக்கூடத் தடித்து அரிக்கும். காதுகுத்திய இடத்தில் தழும்பு கட்டியாக வளர்ந்தவர்கள் குத்தவே வேண்டாம். கல்யாண வீட்டில் ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' பெரும்பாலும் தலைச்சாயம் கலந்தது. குழந்தைகளின் கையில் அது கொப்பளித்து வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

குத்திய தோல் மூட இரண்டு மூன்று வாரமாகும். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான் வரும். தெருவில் யார் எந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. பண்டிகைக்குக் காட்ட ஆசையென்றால் பிப்ரவரியிலேயே குத்திக்கொள்ளுங்கள்.