21-ஆ, 92-ஆ?

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் ஒரு தறி வீடு. நான் கணக்கெடுப்பு வேலைக்கு வந்த முதல் வருஷம். திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்து, "வேலைக்கு ஏதும் போறீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க தம்பி, வீட்டுலதான் இருக்கேன்" என்றார் அந்த அம்மா. அப்படிச் சொல்லும்போதே அவருடைய வலது கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை விரல்களுக்கு இடையே ஓடிய நூல் தார்க்குச்சியில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கணவர் தறியில். தார், அதாவது ஊடைநூல் சுற்றிய அந்தக் குச்சி, வராவிட்டால் தறி நின்றுவிடும். நான் 92 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் தொழிலில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உதவுபவர். முன்னவர் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார், பின்னவர் வருவார். அன்று சாயங்காலம் மேற்பார்வையாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, "அந்த வீட்ல தார் யாருப்பா சுத்துறா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் திரும்பவும் இளம்பிள்ளை பஸ் ஏறினேன்.

இப்போது கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தரவுகளைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பாலினச் சமத்துவமின்மை பற்றி எந்த எண்ணை எடுத்து வந்தாலும் நான் முதலில் கேட்பது, யாரை எண்ணினார்கள், என்ன கேட்டு எண்ணினார்கள் என்பதைத்தான்.

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் கணக்கில் வருவோர் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு கிராமத்துச் சுயதொழிலில் வந்தது. கூலியில்லா 21-ம் அதில் அடக்கம். இதைப் பார்த்து 'பெண்களுக்கு வேலை கூடிவிட்டது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் சம்பளம் எங்கே என்று தேடிப் பார்ப்பதில்லை. அப்புறம், இது ஒரு வருஷத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்கும் கணக்கு. ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கப் போகும் பெண் வருஷத்தில் 30 நாள் பறித்திருந்தாலே இதில் உழைப்பாளர்தான். 'கடந்த ஏழு நாளில்' என்று கேட்கும் இன்னொரு கணக்கு அதே படிவத்தில் உண்டு. பறிப்பு முடிந்த மாதத்தில் போய்க் கேட்டால் அவர் அதில் காணாமல் போகலாம்.

நேரப் பயன்பாட்டு ஆய்வில் இதைவிட நுட்பமான பொறி இருக்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019 ஆய்வு சொன்னது. ஆண்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செய்கிறார்களா, பரவாயில்லையே என்று வகுப்பில் ஒரு பையன் சந்தோஷப்பட்டான். அந்த 97, அன்றைக்கு வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டும். செய்தவர்களே 26.1 சதவீதம்தான். எல்லா ஆண்களுக்குமாகப் பங்கிட்டால் 25 நிமிடம். பெண்களில் 81.2 சதவீதம் பேர் செய்கிறார்கள், அதனால் அவர்களுக்கு 243 நிமிடம். மூன்று மடங்கு என்று நினைத்தது கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிட்டது.

உலகத் தரவரிசைகளிலும் இதே கதைதான். உலகப் பொருளாதார மன்றத்தின் 2024 பாலின இடைவெளிப் பட்டியலில் 146 நாடுகளில் இந்தியா 129. அதே ஆண்டு வெளியான ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பாலினச் சமத்துவமின்மைப் பட்டியலில் 108. மன்றம் பார்ப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியை மட்டும். இருவரும் சமமாக ஏழையாக இருந்தாலும் அங்கே மதிப்பெண் கிடைக்கும். ஐ.நா. கணக்கில் பிரசவ கால மரணமும் பதின்வயதுப் பிரசவமும் சேரும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பொய் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

சேலத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பாலின விகிதம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே இந்த ஊரில்தானே. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 1088 பெண்கள். ஆனால் அதே ஆய்வின் சுருக்கத் தாளில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1000 ஆணுக்கு 878 பெண். முதல் எண் வீட்டில் இருந்தவர்களை எண்ணியது. வெளியூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஆண் அதில் வரமாட்டார், நீண்ட நாள் வாழும் பாட்டிகள் வருவார்கள். பிறப்பில் நடப்பதை இரண்டாவது எண்தான் காட்டும். இயற்கையாக அது 950 பக்கம் இருக்க வேண்டும். வெளிநாட்டு அட்டவணைகளில் இதையே தலைகீழாக, 100 பெண்ணுக்கு எத்தனை ஆண் என்று போடுவார்கள். அங்கே 108 என்று பார்த்தால் 'அட, கூடியிருக்கிறதே' என்று மகிழ வேண்டாம்.

தேடுவது கஷ்டமில்லை. உலக வங்கியின் பாலினத் தரவுத் தளம், ஐ.எல்.ஓ. எனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தளம், மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 'இந்தியாவில் பெண்களும் ஆண்களும்' தொகுப்பு எல்லாமே இலவசம். உலக வங்கித் தளத்தில் ஒரு வரிசையின் பெயரோடு ஐ.எல்.ஓ. மதிப்பீடு என்று இருந்தால், அது நேரடியாக எண்ணியது அல்ல, கணிப்பு. குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தாளில் ஓர் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூட இல்லை. மாணவர்கள் எக்செலில் ஏற்றும்போது முதலில் தூக்கி எறிவது அந்த அடைப்புக்குறியைத்தான்.