மன்றம் என்னும் சொல்லும் மேடை என்னும் பிழையும்

சமூகநீதி, நில உரிமை, மாற்றுப் பொருளாதாரம் ஆகியவற்றைப் பேசும் கூட்டங்களுக்குத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அச்சாகும் துண்டறிக்கைகளில் ‘உலக சமூக மேடை’ என்ற தொடர் தொடர்ந்து கண்ணில் படுகிறது. அண்மையில் கைக்கு வந்த ஒன்றில், ஒரே பத்தியில், சுவிட்சர்லாந்தின் தாவோசில் கூடுவது ‘உலகப் பொருளாதார மன்றம்’ என்றும், அதற்கு மறுப்பாகப் பிரேசிலில் தோன்றியது ‘உலக சமூக மேடை’ என்றும் அச்சிடப்பட்டிருந்தது. மூலத்தில் இரண்டு பெயர்களிலும் நிற்பது ‘ஃபோரம்’ என்ற ஒரே சொல்தான். செல்வர்கள் கூடினால் மன்றம், எளியோர் கூடினால் மேடை என்று மொழிபெயர்ப்பாளர் ஏன் பிரித்தார் என்பதற்கு அறிக்கையில் விளக்கம் இல்லை.

‘ஃபோரம்’ இலத்தீன் சொல். வெளிப்புறத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. உரோமை நகரில் சந்தை கூடிய, வழக்குரைத்த, ஊர்ச்செய்தி பேசிய திறந்தவெளிக்கு அதுவே பெயர்.

தமிழில் இதற்கு நேராக நிற்பது மன்றம். மன்று என்பது அதன் குறுகிய வடிவம். ஊர் நடுவே, மரத்தடியில், எல்லாரும் வந்து கூடும் வெளியே சங்கப் பாடல்களில் வரும் மன்றம். ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (128) ‘மன்றப் பலவின்’ கிளையில் இரவலர்கள் தங்கள் முழவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பழம் என்று எண்ணி மந்தி தட்டுகிறது. பொருள் கேட்டு வந்த ஏழைகள் யாரையும் கேட்காமல் தம் பறையை மாட்டிவைக்கக்கூடிய இடம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய 89ஆம் பாட்டில் தண்ணுமை தொங்குவதும் ‘பொதுவில்’தான், அங்கே அச்சொல்லுக்கு மன்றம் என்றே பொருள் கொள்வர். வழக்குரைக்கும் இடமாகவும் மன்று இருந்ததால்தான் மன்றாடுதல் என்ற வினை நமக்குக் கிடைத்தது. இலத்தீன் சொல்லும் இதே வழியில் நடந்து, ‘பாரன்சிக்’ (வழக்காய்வு சார்ந்த) என்று நீதிமன்றத்துக்குள் நுழைந்திருக்கிறது. இரு மொழிகளில் இரு சொற்கள் இவ்வளவு ஒத்த வாழ்க்கை வாழ்வது அரிது.

மேடை என்பதோ மேடு என்ற அடியிலிருந்து வந்தது. உயரமே அதன் உயிர். மேடை என்றவுடன் மேலே சிலர், கீழே பலர் என்ற அமைப்பு மனத்தில் எழுந்துவிடுகிறது. நாற்காலி வரிசை, பெயர் வரிசை, பொன்னாடை, ஒலிபெருக்கி யார் கையில் என்ற கேள்வி எல்லாம் கூடவே வருகின்றன. 2001 ஜனவரியில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் முதன்முதலாகக் கூடிய உலக சமூக மன்றம் எதிர்த்தது இந்த அமைப்பைத்தான். அதே ஆண்டில் அது ஏற்றுக்கொண்ட கொள்கைச் சாசனம், தன்னை ஒரு திறந்த சந்திப்பிடம் என்றே வரையறுக்கிறது. மன்றத்தின் பெயரால் பேச எவருக்கும் உரிமை இல்லை, கட்சிகளும் படை அமைப்புகளும் பிரதிநிதிகளாகப் பங்குகொள்ள முடியாது, அது அதிகாரத்துக்குப் போட்டியிடும் களம் ஆகாது என்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிக்கோ விட்டாக்கர், உரிமையாளர் இல்லாத பொதுச்சதுக்கம் போன்றது அது என்று வாதிட்டார். 2004இல் மும்பை கோரேகாவில் கூடியபோது, தலித் இயக்கங்களும் பழங்குடியினரும் பறையடித்து ஊர்வலமாகத் திடல் முழுவதும் நடந்தார்கள். ஒரே நேரத்தில் பல பந்தல்களில் பல பேச்சுகள் நடந்தன. இதற்கு மேடை என்று பெயரிடுவது, சொல்லைத் தவறவிடுவதோடு நிகழ்வின் இயல்பையே தலைகீழாக்குவதாகும்.

பெயர் ஒப்புமையும் முக்கியம். 1971இல் வேறு பெயரில் தொடங்கி 1987இல் இப்போதைய பெயரைச் சூடிய தாவோசு அமைப்பின் பெயரில், ‘பொருளாதார’ என்பதை எடுத்துவிட்டுச் ‘சமூக’ என்பதை வைத்ததே எதிர்ப்பின் கூர்மை. இரண்டுக்கும் ஒரே சொல் இல்லாவிட்டால் தமிழில் படிப்பவருக்கு அந்தக் கூர்மை எட்டவே எட்டாது. அழைப்பும் கட்டணமும் இன்றி நுழைய முடியாத கூட்டத்துக்கு மன்றம் என்ற நல்ல சொல் தகுமா என்பது வேறு வழக்கு. பெயரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம் அதைப் பெயர்க்கிறோம்.

மன்றத்துக்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. சட்டமன்றம், நாடாளுமன்றம், ரசிகர் மன்றம் என்று அச்சொல் உறுப்பினர்களுக்குள் சுருங்கிவிட்டது என்பது முதலாவது. அது உண்மை, ஆனால் சுருங்கிய சொல்லை மீட்டு விரிப்பதே எழுதுவோர் கடமை. இரண்டாவது இன்னும் கனமானது: ஊர் மன்றம் என்றைக்கு எல்லாருக்கும் திறந்திருந்தது? புளியமரத்தடியிலும் கோயில் முன்திடலிலும் பஞ்சாயத்து கூடியபோது பெண்களும் சேரி மக்களும் எட்ட நிற்கவைக்கப்பட்டார்கள் என்பதை இந்த மாவட்டங்களில் எவரும் மறுக்க இயலாது. உரோமையின் ஃபோரத்திலும் அடிமைக்குக் குரல் இல்லை. ஆயினும், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உரிமையோடு கேட்க வேண்டியது அந்தப் பொதுவெளியைத்தானே தவிர, புதிதாகக் கட்டிய மேடையில் ஓர் ஓரத்து நாற்காலியை அன்று.

‘ஃபோரம்’ என்பதற்கு ‘அமைப்பு’ என்று எழுதுவோர், அது தன்னைச் சந்திப்பிடம் என்று வரையறுக்கும் சாசனத்தைப் படிக்காதவர்கள். ‘தளம்’ அதைவிட மோசம். கப்பலுக்கும் கட்டடத்துக்கும் இணையத்துக்கும் விமானப்படைக்கும் அதுவே பயன்படுவதால், மொழிபெயர்ப்பாளர்கள் யோசிக்க விரும்பாதபோதெல்லாம் அதை எடுத்துப் போடுகிறார்கள். ‘மாமன்றம்’ மாநகராட்சி உறுப்பினர்களுக்கு உரியதாகிவிட்டது. அரங்கத்தை வடசொல் என்று தள்ளுவோர் உண்டு. நான் தள்ளுவது அங்கே பார்வையாளர் வரிசை இருப்பதால். தூய்மை மட்டுமே அளவுகோல் என்றால் சமூகத்தையும் நீக்கிக் குமுகம் என்று எழுத வேண்டியிருக்கும். சமூகநீதி என்ற சொல்லைப் போராடி வேரூன்றச் செய்த மண்ணில் அதைப் பிடுங்குவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘சமூக நீதி மன்றம்’ என்று இடம்விட்டு அச்சிட்டால், சமூகத்துக்கான நீதிமன்றம் என்று படித்து மனுவோடு வருவோர் இருப்பார்கள். அங்கே ‘சமூகநீதிப் பொதுமன்றம்’ என்று, சமூகநீதியை ஒரே சொல்லாகச் சேர்த்து, பகர ஒற்றை விடாமல் எழுத வேண்டும். போர்ட்டோ அலெக்ரியில் தொடங்கியதைக் குறிக்க ‘உலக சமூக மன்றம்’ என்பதே போதும்.