மாத்திரை அட்டையைக் காட்டினால் சிங்கப்பூரில் மருந்து தரமாட்டார்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என் கிளினிக்கில் ஒரே மாதிரியான காட்சிதான். சிங்கப்பூரில் 'லிட்டில் இந்தியா' எனப்படும் தேக்கா பக்கம் இருப்பதால் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் நிறைய பேர் என்னிடம் வருகிறார்கள். மகனோ மகளோ மேசைமேல் ஒரு மாத்திரை அட்டையை வைப்பார். முக்கால்வாசி காலியாகியிருக்கும். மருந்தின் பெயர் இருந்த மூலையைக் கத்தரித்து எடுத்திருப்பார்கள். "டாக்டர், நாலு கடை ஏறி இறங்கிட்டோம், தரமாட்டேங்கிறாங்க. இத்தனைக்கும் சாதாரண பிரஷர் மாத்திரைதான்."

போன வாரம் வந்த பெரியவருக்கும் அதே சாதாரண பிரஷர் மாத்திரைதான். பத்து நாள் பயணமென்று வந்தவர், பேரப்பிள்ளைக்காக ஒரு மாதம் தங்கிவிட்டார். மாத்திரை முடிந்தது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். என்னிடம் வந்தபோது இரத்த அழுத்தம் 210-ஐத் தாண்டியிருந்தது, வலது கை தளர்ந்திருந்தது. கடிதம் எழுதி ஆம்புலன்ஸில் அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். கை இன்னும் சரியாக வரவில்லை. பயணக் காப்பீடு எடுக்கவில்லை. மருத்துவமனை பில்லுக்காக மகன் கடன் வாங்கியிருக்கிறார். ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கையோடு எடுத்து வந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. இப்படி ஒன்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைப்பேன். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "சிங்கப்பூர் எவ்வளவு பெரிய ஊர், அங்கே கிடைக்காத மருந்தா?" மருந்து கிடைக்கும். ஆனால் கடையில் போய் நீட்டினால் கிடைக்காது. இந்த வேறுபாட்டை நான் எத்தனை குடும்பங்களுக்கு விளக்கியிருப்பேனோ தெரியாது. நம் ஊரிலும் சட்டப்படி சீட்டு வேண்டும்தான். ஆனால் தெருமுனை மெடிக்கல்காரருக்கு நம்மை இருபது வருடமாகத் தெரியும், அட்டையைப் பார்த்து எடுத்துத் தந்துவிடுவார். இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. பிரஷர், சுகர், தைராய்டு, இதய மருந்துகள், ஆன்டிபயாடிக் எல்லாமே மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே தர வேண்டிய வகை. சீட்டும் சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவர் எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் ஊர் டாக்டர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், அவர் சீட்டை வைத்துக்கொண்டு இங்குள்ள மருந்தகம் மருந்து தராது. "முஸ்தபாவில் கிடைக்குமே" என்று தேக்காவில் உள்ள அந்தப் பெரிய கடையைச் சொல்வார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். "பாலம் தாண்டி ஜொகூர் போய் வாங்கிட்டு வரலாமா" என்றும் கேட்கிறார்கள். மலேசியாவிலும் பிரஷர், சுகர் மருந்துக்குச் சீட்டு வேண்டும். தவிர, ஒரே ஒரு முறை நுழையும் விசாவில் வந்த அம்மாவை ஜொகூருக்குக் கூட்டிப் போய்விட்டு, திரும்ப எப்படி உள்ளே அழைத்து வருவீர்கள்?

கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். மாத்திரை தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு கிளினிக்குக்கு வாருங்கள். இங்கே பெரும்பாலான கிளினிக்குகளில் டாக்டரைப் பார்த்த இடத்திலேயே மருந்தும் தந்துவிடுவார்கள். செலவு ஆகும், ஊரில் ஆவதைப் போல் பல மடங்கு ஆகும். ஆனாலும் வாருங்கள். மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வராதீர்கள்.

கிளினிக்குக்கு வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊரில் மூன்று மருந்தை ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தருவது சகஜம். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கும். அந்தச் சேர்க்கை இங்கே வழக்கத்தில் இல்லை. கம்பெனிப் பெயரும் வேறு. அட்டையில் மூலப்பெயரும் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராமும் இருந்தால், பிரித்து எழுதி ஈடுகட்டிவிடுவேன். ஒரு டப்பாவில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று எல்லாவற்றையும் உரித்துப் போட்டுக் கொண்டுவந்து, "காலையில் இந்த வெள்ளை, ராத்திரி அந்தச் சின்னது" என்றால் நான் என்ன செய்ய முடியும்? வெள்ளை மாத்திரைகள் ஆயிரம் இருக்கின்றன. தயவுசெய்து மாத்திரையை அட்டையோடு கொண்டுவாருங்கள். அட்டையைக் கத்தரிக்காதீர்கள். புறப்படும் முன்பு எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரையை ஏன் குறைவாகக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில்தான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. "நிறைய கொண்டுபோனா ஏர்போர்ட்ல பிடிச்சிருவாங்கன்னு சொன்னாங்க." யார் சொன்னார்கள்? உங்கள் சொந்த உபயோகத்துக்கான வழக்கமான மருந்தை மூன்று மாதத்துக்கான அளவு வரை கொண்டுவரலாம். பிரஷர் மாத்திரைக்கோ சுகர் மாத்திரைக்கோ யாரிடமும் முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் டாக்டரிடம் அவருடைய லெட்டர்பேடில், ஆங்கிலத்தில், நோய் என்ன, மருந்தின் மூலப்பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு ஐந்து நிமிட வேலை.

பயப்பட வேண்டிய மருந்துகள் வேறு. அவற்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சில வலி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து. அல்பிரசோலம், டயசிபம், சோல்பிடம், டிராமடால் என்ற பெயர்கள் உங்கள் அட்டையில் இருந்தால் அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இவை இங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் பார்த்து, தேவையென்றால் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன்னதாகவே விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். ஊரில் நிறைய அம்மாக்கள் இரவில் போடும் அந்தக் குட்டி மாத்திரை அல்பிரசோலமாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கே அது தெரியாது, "தூக்கத்துக்குக் குடுத்தது" என்பார்கள். பிள்ளைகள்தான் பெயரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அனுமதி வாங்கச் சோம்பலாக இருக்கிறது என்று அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அடுத்தவர் மருந்தைச் சுமந்து வராதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் இங்கே வேலை பார்க்கிறான், அவன் அம்மா ஒரு பார்சல் தந்தார் என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. இந்த நாட்டின் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் மட்டும் போதாது, தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

புகையிலை போடும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி எல்லாம் 2016 ஆகஸ்ட் முதல் இங்கே தடை. மூக்குப்பொடி மட்டைதானே என்று மடியில் வைத்து வராதீர்கள். பேரன்களிடம் வேப் என்கிற மின்சிகரெட் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அதை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். சூயிங்கம் கொண்டுவரலாமா என்று கேட்காத ஆள் இல்லை. கொண்டுவரக்கூடாது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு மற்றதைக் கவனிப்போம்.

மருந்தையெல்லாம் கையில் எடுத்துவரும் பையில் வையுங்கள். இன்சுலின் கண்டிப்பாகக் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கோடு போகும் பெட்டியில் போட்டால் குளிரில் கெட்டுவிடக்கூடும். கைப்பையில் ஊசி இருக்கும் என்பதால் டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். இங்கே மணி இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதற்காக ஊசி நேரத்தைப் பற்றிப் பெரிதாகக் குழம்ப வேண்டாம், இங்குள்ள சாப்பாட்டு வேளையோடு சேர்த்துப் போடுங்கள்.

சுற்றிப் பார்க்கும் நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை மயக்கத்துக்காகத்தான். வெயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை நோயாளி என்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்றுதான். ஊரில் வாசலிலிருந்து கோயில்வரை நடக்கிற அம்மாவை, காலை எட்டு மணிக்கு மாத்திரை போட வைத்து, செந்தோசா சுற்றுலாத் தீவில் மதியம்வரை நடக்க வைத்து, "சைவம் தேக்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று மூன்று மணிவரை பட்டினி போட்டால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? இதில் அந்த அம்மாவின் தவறு எதுவும் இல்லை. திட்டம் போட்ட பிள்ளைகளைத்தான் சொல்வேன். கையில் சப்பாத்தியோ இட்லியோ கட்டிக்கொண்டு போங்கள். பையில் நாலு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். எம்ஆர்டி ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தில், வியர்த்து நடுங்கிக்கொண்டே மிட்டாயைப் பையில் வைத்தபடி அடுத்த ஸ்டேஷன் வரட்டும் என்று ஒருவர் காத்திருந்த கதையைக் கேட்டுப் பதறிப்போனேன். சர்க்கரை இறங்கினால் அந்த இடத்திலேயே மிட்டாயை வாயில் போடுங்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்கள் உதவுவார்கள். உயிரைவிட அபராதம் பெரிதல்ல.

தண்ணீர் விஷயத்திலும் மனம் வருந்துகிறது. பாட்டில் தண்ணீர் விலையைப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு இருக்கிறார்கள். இங்கே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம். வீட்டிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதில்லை, அப்பாக்கள் நீர் மாத்திரையை (உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான எம்ஆர்டி நிலையங்களில் கழிப்பறை உண்டு, கடைத்தொகுதிகளில் உண்டு, உணவங்காடிகளில் உண்டு. இதயம் பலவீனமானவர் நாலு நாள் நீர் மாத்திரையை நிறுத்தினால், ஐந்தாம் நாள் படுத்துத் தூங்க முடியாமல் என்னிடம் வருகிறார்.

பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவைச் சர்க்கரை நோயாளிக்கு மாட்டிவிடாதீர்கள். பழகிய செருப்பே போதும், பின்வார் இருந்தால் நல்லது. மதிய வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடப்பதையும் தவிருங்கள். பாதம் மரத்துப்போனவருக்குத் தரை சுடுவதே தெரியாது, கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பார். காலையிலோ மாலையிலோ போங்கள். இரவில் பாதத்தை மகளோ மருமகளோ ஒரு முறை பார்த்துவிடட்டும்.

பயணக் காப்பீட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும். "என் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் பெற்றோரைச் சேர்ப்பதில்லை, எடுத்துப் படித்துப் பாருங்கள். காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, பிரஷர், வைத்த ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் ஆயிரம் ரூபாய் கூடுமே என்று மறைத்தவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். மறைத்தது மருத்துவமனைப் பதிவில் முதல் வரியிலேயே வந்துவிடும், நாங்கள் எழுதாமல் இருக்க முடியாது. அரசு மருத்துவமனையாக இருந்தாலும் சுற்றுலாப் பயணிக்கு மானியம் கிடையாது. அனுமதிக்கும்போதே முன்பணம் கேட்பார்கள்.

ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சிங்கப்பூர் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். இவ்வளவு சுத்தமான ஊரில் டெங்கு இருக்குமா என்று நம்பமாட்டேன் என்கிறார்கள். இருக்கிறது. ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள்.

நெஞ்சு அழுத்தம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, மூச்சு வாங்குவது, இவற்றுக்கு என் கிளினிக்குக்கு வராதீர்கள். டாக்சியும் தேடாதீர்கள். 995-ஐ அழையுங்கள். பில் வருமே என்று தயங்க வேண்டாம், உண்மையான அவசரத்துக்கு இந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அடுக்குமாடியின் புளோக் எண்ணையும் மாடி எண்ணையும் சொல்லத் தெரிய வேண்டும். அம்மா அப்பா வந்த முதல் நாளே அந்த எண்களையும் 995-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். பகலில் நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருப்பார்கள்.